பெரிய ஆலமரம், ஹௌரா

பெரிய ஆலமரம் என்பது இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத்தில், ஹௌரா மாவட்டத்தின் சிப்பூரில் உள்ள ஆச்சார்யா ஜகதீஷ் சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் பூங்காவில் வளரும் பழமையான ஆலமரம் ஆகும். ஏறத்தாழ 1.9 எக்டேர் நிலப்பரப்பில் பரந்துள்ள இது உலகின் மிக அகன்ற மரங்களுள் ஒன்று. இதன் மூல அடிமரம் 1925 ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. எனினும் 3,500க்கும் மேற்பட்ட விழுதுகளின் துணையுடன் மரம் இன்றும் உயிர்வாழ்கிறது.

பூங்காவின் வரலாறு

ஊக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த இப்பூங்கா, கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான ராபர்ட் கிட் என்பவரின் முயற்சியால் 1787 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தேக்கு, நறுமணப் பயிர்கள் முதலிய வணிகப் பயன்மிக்க தாவரங்களை வளர்ப்பதே தொடக்க நோக்கமாக இருந்தது. 1793 இல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பரோவின் காலத்தில் இது தாவரவியல் ஆய்வு மையமாக வளர்ந்தது. 1963 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் இதனை நிருவகித்து வருகிறது. பூங்காவின் இன்றைய பெயர் 2009 இல் சூட்டப்பட்டது.

வயது

இம்மரம் 250 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஆயினும் மரத்தைக் கொண்டே அதன் வயதை அறிய இயலாது. மூல அடிமரம் இப்போது இல்லை. விழுதுகளோ வெவ்வேறு காலங்களில் தோன்றியவை.

வயது பற்றிய முதன்மையான சான்று மனிதர் நினைவிலிருந்து கிடைக்கிறது. 1848 இல் கல்கத்தாவுக்கு வந்த தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர், 1854 இல் வெளியான தமது இமயமலைப் பயண நூலில் இதனைக் குறித்துள்ளார். பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த ஹ்யூ பால்கனர் விசாரித்து அறிந்தபடி, 1782 இல் அவ்விடத்தில் ஒரு பேரீச்ச மரம் நின்றதையும், அதன் உச்சியிலிருந்து ஆல் முளைத்ததையும், அதனடியில் ஒரு பக்கீர் அமர்ந்திருந்ததையும் நினைவில் வைத்திருந்தவர்கள் அண்மைக்காலம் வரை வாழ்ந்திருந்தனர். இதன்படி ஆலமரம் பூங்காவைவிடச் சில ஆண்டுகளே மூத்ததாகலாம்.

வளரும் முறை

இச்செய்தி ஆலின் இயல்போடு பொருந்துகிறது. ஆலம்பழத்தை உண்ணும் பறவைகளின் எச்சத்தின் வழியாக விதைகள் பிற மரங்களின் மேல் விழுந்து முளைக்கின்றன. இளஞ்செடி வேர்களைக் கீழ்நோக்கி அனுப்பி நிலத்தை அடைந்தபின், தாங்கிய மரத்தைச் சூழ்ந்து நெருக்கிவிடும். பின்னர்க் கிளைகளிலிருந்து இறங்கும் விழுதுகள் நிலத்தில் ஊன்றித் தடித்து, தாமே அடிமரங்கள் போலக் கிளைகளைத் தாங்கி, நீரையும் கனிமங்களையும் அனுப்புகின்றன. எனவே மூல அடிமரம் அழிந்தாலும் மரம் மடிவதில்லை.

புயல்களும் அடிமரத்தின் இழப்பும்

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய பெரும் புயலில் ஊக்ளி ஆற்றில் கடல்நீர் ஏறிப் பல்லாயிரம் மக்கள் உயிரிழந்தனர். பூங்காவின் மரங்களில் பெரும் எண்ணிக்கையிலானவை வீழ்ந்தன. பெரிய ஆலமரமும் கிளைகளை இழந்தது. 1867 இல் மற்றொரு புயல் அதனை மேலும் சிதைத்தது. முறிந்த பகுதிகளின் வழியாகப் பூஞ்சை புகுந்து அடிமரத்தை உளுக்கச் செய்தது. பிற பகுதிகளுக்கு நோய் பரவாதிருக்க, ஏறத்தாழ 16 மீட்டர் சுற்றளவுடைய அவ்வடிமரம் 1925 இல் வெட்டி அகற்றப்பட்டது.

இன்றைய நிலை

மரத்தைச் சுற்றி ஏறத்தாழ 330 மீட்டர் நீளமுள்ள வட்டச் சாலை அமைக்கப்பட்டது. பின்னர் மரம் அச்சாலையையும் கடந்து பரவியது. 2020 மே 20 அன்று வீசிய அம்பன் புயலில் பல விழுதுகளும் கிளைகளும் முறிந்தன. எனினும் மரம் பிழைத்தது. புதிய விழுதுகள் நிலத்தை அடையும் வரை அவற்றைப் பாதுகாத்து வழிப்படுத்துவது பராமரிப்பின் முக்கிய பணியாகும். மேய்ச்சலாலோ மனிதர் கைபட்டோ இளம் விழுதுகள் சிதைந்தால், நீண்ட கிளைகள் தாங்கலின்றி அடுத்த புயலில் முறியும். இம்மரத்தின் உருவம் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் சின்னத்தில் இடம்பெற்றுள்ளது.