பின்னிருக்கை வெறுமையாயிருக்கலாமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக ஒரே மோட்டார் சைக்கிளில் ஆண்டுக்கணக்காய்ச் சென்றுவந்த நண்பர்களும், பணத்தகராற்றாலோ சுடுசொல்லாலோ பிரிந்துவிடுவதுண்டு. வண்டி ஓடுகிறது; பின்னிருக்கையோ வெறுமையாயிருக்கிறது.

வழித்துணையை இழக்கும் துயரம் புனித சின்னப்பருக்கும் நேர்ந்ததன்றோ! முதல் தூதுப் பயணத்தில் மாற்கு பெர்கையிலேயே பிரிந்து யெருசலேம் திரும்பினார். அடுத்த பயணத்துக்கு அவரை மீண்டும் அழைத்துச் செல்லப் பர்னபா விரும்பினார், சின்னப்பர் மறுத்தார். கடும் வாக்குவாதம் எழுந்தது. பர்னபா மாற்குவுடன் சைப்பிரசுக்குக் கப்பலேறினார்; சின்னப்பர் சீலாவுடன் சீரியா, சிலிசியா நாடுகளுக்குச் சென்றார். அப்போஸ்தலர் பணி நூல் இதை மறைக்கவில்லை.

ஆண்டுகள் பல கழிந்தன. திமோத்தேயுவுக்குச் சிறையிலிருந்து எழுதும் மடலில், மாற்குவைக் கையோடு அழைத்து வருமாறும், அவர் தம் பணிக்குப் பயன்படுவார் என்றும் சின்னப்பர் குறிப்பிடுகின்றார். பழங்குற்றம் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. மறுத்தவரே அழைக்கின்றார், வெறும் மன்னிப்போடு நில்லாமல், வேலையும் தருகின்றார்.

நாமோ, "அவன் முதலில் வரட்டும்" என்று காத்திருந்தே முதுமை எய்துகிறோம். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நண்பர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துங்கள். "சிதம்பரத்தில் ஒரு வேலை இருக்கிறது, நீயும் வா" என்று அழையுங்கள்.