போல்ட்டில் நிற்கும் கார்

அம்பாசடரும் பியட்டும் பார்த்தே கை பழகிய டிங்கர், முதல்முறை ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பிரிக்கும்போது கொஞ்சம் திகைப்பார். அந்த வண்டிகளில் தரை, தூண், கூரை எல்லாம் சேர்த்து வெல்டு பிடித்த ஒரே கூடு, பாடிதான் சேசி. துருப்பிடித்த இடத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஹெரால்டில் கூரை ஸ்பானருக்கே கழன்று வரும். கதவுக்குக் கீழே இருக்கும் படித்தகடும் வரும். கடைசியில் பாடியே முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரியும். அடியில் எஞ்சினும் சக்கரமும் பூட்டிய சேசி தனியாக நிற்கும்.

இப்படி அமைந்ததற்கு ஒரு வியாபார நெருக்கடி காரணம். இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம் பாடி செய்து கொடுத்து வந்தது. 1953-ல் அதைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுப் பாடியையும் அடித்துத் தர வேறு ஆள் கிடைப்பது கடினம். ஆகவே துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேசிமேல் போல்ட் போட்டுச் சேர்க்கும் வழிக்குப் போனார்கள். இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கலோட்டி உருவம் வரைய, 1959-ல் ஹெரால்ட் வெளிவந்தது. மற்ற கம்பெனிகள் தனிச் சேசியைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சாமான்களாகக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டுவதற்கும் இந்த அமைப்பு வசதி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் இது தயாரானது. பின்னால் இங்கே வந்த நான்கு கதவு ஹெரால்ட், இங்கிலாந்துக்காரர்கள் பார்க்காதது.

பிரிக்கும் வேலை பேட்டரியில் தொடங்கும். அடுத்து டிக்கிக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்க். அதைக் காலி செய்து வெளியே கொண்டுபோய் வைக்காமல் பட்டறையில் நெருப்பே கூடாது. பிறகு பானெட். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த முழு முன்மூக்கும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். விளக்கு வயர்களை விலக்கி, கீல் போல்ட்டை எடுத்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். எஞ்சின் மொத்தமும் வெட்டவெளியில் கிடக்கும். மெக்கானிக்கை இவ்வளவு மதித்த கார் குறைவு.

வயரிங்கில்தான் பொறுமை வேண்டும். அந்தக் கால லூகாஸ் முறைப்படி பழுப்பு வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், கறுப்பு எர்த், நீலம் ஹெட்லைட். ஐம்பது வருடத்தில் கை வைத்த எலக்ட்ரீசியன்கள் கையில் கிடைத்த நிறத்தை ஒட்டுப்போட்டிருப்பார்கள். எனவே நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு முனையிலும் காகித டேப் ஒட்டி, அது போகும் இடத்தை எழுதிவிட்டே கழற்ற வேண்டும்.

துருவேறிய பாடி போல்ட்டைப் பலங்கொண்டு திருகினால் தலை முறியும். அல்லது தகட்டுக்குள் பிடித்திருக்கும் நட் பிய்த்துக்கொண்டு சேர்ந்து சுற்றும். எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறப்போட்டு, மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அசைத்து, அப்புறம் தளர்த்துவார்கள். கதவின் அடி, பின்சக்கர வளைவு, சேசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் ஆகியவைதான் துரு முதலில் குடியேறும் இடங்கள். பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் துணி சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டினால் குட்டு வெளிப்படும்; பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது.

சுலபமாகக் கழல்கிறதே என்று அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது ஓர் அற்பப் பொருளில். பாடிக்கும் சேசிக்கும் நடுவே, போல்ட் இறங்கும் இடங்களில் பேக்கிங் தகடுகள் செருகியிருக்கும். ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் மூன்று; பார்த்தால் குப்பை. வெல்டு பிடித்த கூட்டில் அளவு ஆலையிலேயே பூட்டப்பட்டுவிடும். ஹெரால்டில் கதவு ஒழுங்காகச் சாத்துவதும், பானெட்டுக்கும் கதவுக்கும் இடையிலான இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருப்பதும் இந்தத் தகடுகளின் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால் அந்தக் கணக்கு தொலைந்தது. அந்தந்த போல்ட்டோடு அந்தந்தத் தகட்டைக் கம்பியால் கட்டி எண் எழுதிவைப்பவர், பின்னால் வாரக்கணக்கில் மிச்சம் பிடிப்பார்.

பாடியை ஒரே துண்டாகத் தூக்குவதானால், அது சேசியில் பூட்டியிருக்கும்போதே கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் வளைந்துகொள்ளும். ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய், ஸ்பீடாமீட்டர் கேபிள் எல்லாம் விலகிவிட்டதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நான்கைந்து பேர் தூக்கலாம். பாரம் இறங்கியதும் பின்பக்கத்து குறுக்குப் பட்டை ஸ்பிரிங் தளர்ந்து, பின்சக்கரங்களின் அடி உள்ளே ஒடுங்கி, மேல்பக்கம் வெளியே சாயும். புதிதாகப் பார்ப்பவர் அச்சு உடைந்ததென்றே நினைப்பார். அதன் சுபாவமே அதுதான்.

சேசியைச் சரிசெய்த கையோடு பாடியை பெயின்டுக்கு அனுப்ப நல்ல பட்டறைகள் சம்மதிக்காது. புதுத் தகடு வைத்த பாடியை வெறுமனே சேசியில் ஏற்றி, கதவும் பானெட்டும் மாட்டி, பேக்கிங் கூட்டிக் குறைத்து இடுக்குகளைச் சரிபார்ப்பார்கள். பெயின்ட் அடித்த பிறகு இடித்தால் ஓரம் பெயர்ந்துவிடும். அளவு அமைந்ததும், தகடுகளுக்குப் புது எண் எழுதி, வண்டியை இரண்டாம் தடவை முழுதாகப் பிரிப்பார்கள்.