சொற்போரும் மணிமேகலையும்

கோல் மார்க்கெட்டிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் மந்திர் மார்க்கில் பிர்லா மந்திரைக் காணலாம். 1939-இல் காந்தியடிகள் திறந்து வைத்த அக்கோயிலை அடுத்தே ஒரு புத்த விகாரமும் நிற்கிறது. இன்று அண்டை அயலாராய் அமைதியுடன் வாழும் இவ்விரு சமயத்தாரும் பல நூற்றாண்டுகள் ஓயாது சொற்போர் புரிந்தவர்கள். அப்போருக்கு எத்துணை நுட்பமான இலக்கணம் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கௌதமரின் நியாய சூத்திரம் உரையாடலை மூன்றாகப் பகுக்கிறது. உண்மை காணும் நோக்குடன் நடப்பது வாதம். வெற்றி ஒன்றையே நாடுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையையும் நாட்டாது, பிறர் கொள்கையை இடிப்பதோடு நிற்பது விதண்டை. வீட்டில் பெரியவர்கள் நம்மை ஏசும் ‘விதண்டாவாதம்’ இதுவே! தோல்விக்கும் அந்நூல் 22 இடங்களை வகுத்தது. எடுத்த கொள்கையை நடுவில் கைவிட்டால் தோல்வி. பொருளின்றிப் பேசினால் தோல்வி. விடை தோன்றாது விழித்தாலும் தோல்வி. இவ்விதிகளை நம் பேச்சுப் போட்டிகளில் புகுத்தினால் கோப்பைகள் பல அலமாரியிலேயே தங்கிவிடும் என அஞ்சுகிறேன்.

பௌத்தரும் இதில் பின்தங்கவில்லை. ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் பாலி நூலில் கிரேக்க மன்னன் மிலிந்தன் நாகசேனரை உரையாட அழைக்கிறான். அறிஞர் முறையில் என்றால் உடன்படுவதாகவும், அரசர் முறையில் என்றால் மறுப்பதாகவும் அவர் விடை கூறுகிறார். அறிஞர் தம் பிழை சுட்டப்படுங்கால் சினவார். அரசரோ மறுத்தவரைத் தண்டிப்பர் அன்றோ?

இனி நம் மணிமேகலைக்கு வருவோம். வஞ்சி நகரில் சமயவாதிகளைக் கேட்க விழைந்த அவளுக்குக் கண்ணகித் தெய்வம் ஓர் எச்சரிக்கை தருகிறது: இளம்பெண் என்று கண்டால் எவரும் தம் கொள்கையின் உட்பொருளை உரையார், எனவே வேற்றுரு கொள்க என்பதே அது. அவ்வாறே அவள் மாதவன் வடிவில் சென்று கேட்கிறாள். அறிவின் வாயிலில் ஆணுருவைக் காட்டியே நுழைய வேண்டியிருந்தது! என் நெஞ்சை இன்றும் உறுத்தும் இடம் இது. கண்ணால் கண்டதன்றி எதையும் ஏலேன் என்கிறான் பூதவாதி. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் எனக் கேட்கிறாள் மணிமேகலை. இதற்கு என்ன விடை கூற முடியும்?

பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். பௌத்த அளவை நூலின் பேராசான் திக்நாகரைக் காஞ்சிப் பகுதியினர் என்றே மரபு கூறும். மலையில் நெருப்புண்டு, புகை உடைமையால், அடுக்களை போல. பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் இம்மூன்றே போதும். நியாய நூலார் கூட்டும் உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்பர் அடிகள். அடுத்துப் போலிகளை அடுக்குகிறார்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10.

அவற்றுள் ஒன்று விஞ்ஞான மாணவனாகிய என்னை மிகவும் கவர்ந்தது. “ஒலி அழியக்கூடியது, கண்ணுக்குப் புலனாவதால்” என்று ஒருவன் வாதிக்கிறான். ஒலி அழியக்கூடியது என்பது பௌத்தருக்கு உடன்பாடே. எனினும் ஒலி கண்ணுக்குப் புலனாகாது என்பதை இருதரப்பாரும் அறிவராதலின் அவ்வாதத்தை அவர்கள் தள்ளுகிறார்கள். தமக்குச் சாதகமான முடிவாயினும் ஏது பழுதென்றால் ஏற்பதில்லை! ஆய்வுக்கூடத்தில் விடை சரியாக வந்துவிட்டால் வழியை யார் திரும்பிப் பார்க்கிறோம்?

இப்போலிகளையெல்லாம் கற்ற பின்னரே, முப்பதாம் காதையில், அவள் மும்மணியைச் சரண் அடைகிறாள்.