சீட்டுக்கட்டும் வெள்ளி நாணயமும்

கனடா நாட்டின் அரச நாணயச்சாலை 2008, 2009ஆம் ஆண்டுகளில் விந்தையான வெள்ளி நாணயங்கள் சிலவற்றை வெளியிட்டது. அவை வட்டமானவை அல்ல. விளையாட்டுச் சீட்டைப் போன்று நீண்ட சதுரமானவை. முகமதிப்பு 15 டாலர். சேகரிப்போருக்கென்றே அடிக்கப்பட்ட இவற்றில் ஆர்ட்டின் ஜாக்கி, இஸ்பேட் ராணி முதலிய உருவங்கள் பொறிக்கப்பட்டன. சூதாட்டத்திற்கு அரசு அளித்த சிறப்பு என எவரும் கருத வேண்டுவதில்லை. இவ்வுருவங்களுக்குப் பின்னால் சம்பளம் கிடைக்காத படைவீரர்களின் வரலாறு உள்ளது.

பதினேழாம் நூற்றாண்டில் இன்றைய கியூபெக் பகுதி பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்தது. வெள்ளிக் காசு ஆண்டுதோறும் கப்பலில் வரும். வந்த காசோ, இறக்குமதிப் பொருள்களின் விலையாக வந்த வழியே திரும்பிவிடும். 1685இல் படைவீரர்களுக்குரிய பணம் வந்து சேரவில்லை. நிருவாகியான ழாக் தெ மியூல் தம் கைப்பணத்தையும், நண்பர்களிடம் பெற்ற கடனையும் செலவிட்டுத் தீர்த்தார். அச்சுப்பொறியோ தக்க காகிதமோ அங்கு இல்லை. ஆகவே, ஜூன் மாதத்தில் விளையாட்டுச் சீட்டுகளைத் திரட்டி, அவற்றின்மீது மதிப்பை எழுதிக் கையொப்பமிட்டு, சம்பளமாக வழங்கினார். 4 லிவர், 40 சோல், 15 சோல் என மூன்று மதிப்புகள் இருந்தன (20 சோல் கொண்டது 1 லிவர்). செப்டம்பரில் கப்பல் வந்ததும் அவை காசாக மாற்றித் தரப்பட்டன.

வாக்குக் காக்கப்பட்டமையால் சீட்டு நம்பிக்கை பெற்றது. அந்நம்பிக்கையே பின்னர்க் கேடாயிற்று. முட்டுப்பாடு நேர்ந்தபோதெல்லாம் புதிய சீட்டுகள் வெளிவந்தன. 1714 அளவில் ஏறத்தாழ 20 லட்சம் லிவர் மதிப்புள்ள சீட்டுகள் புழங்கின, விலைவாசி உயர்ந்தது. இறுதியில் அரசு அவற்றைப் பாதி மதிப்பிற்கே மீட்டுக்கொண்டது. உழைத்துப் பெற்ற சீட்டைப் பெட்டியில் சேமித்து வைத்திருந்த குடியானவனே இழப்பைச் சுமந்தான். 1729இல் மீண்டும் அட்டைப்பணம் தோன்றியபோது, அது உருவமற்ற வெற்று அட்டையாக இருந்தது. 1685ஆம் ஆண்டுச் சீட்டு எதுவும் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை.

வெள்ளி இல்லாத குறையால் பிறந்த சீட்டு, இவ்வாறு வெள்ளியிலேயே வார்ப்பு எடுத்துள்ளது. இந்நாணயங்களில் ஆயிரம் பங்கிற்கு 925 பங்கு வெள்ளி. எஞ்சியது பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி மென்மையானது. செம்பு அதற்குக் கடினம் தருகிறது. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பட்டு வெள்ளி கறுக்கும். அக்கருமை வெள்ளி சல்பைடு ஆகும். பள்ளிக் காட்சிப் பெட்டியில் எவ்வகை வெள்ளி நாணயத்தை வைப்பினும், கந்தகம் கலந்த ரப்பர் வளையத்தால் அதனைக் கட்டலாகாது. கறுத்ததைத் தூள் இட்டுத் தேய்ப்பின், கருமையோடு பொறிப்பின் நுண்மையும் தேய்ந்துவிடும்.