காய்த்துக் காட்டட்டும், பிறகு நடலாம்

திசு வளர்ப்பு என்றதும் நம் விவசாயிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜி-9 வாழை. தோட்டம் முழுக்க ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார். அந்த அனுபவம் தந்த நம்பிக்கையோடுதான் பலரும் திசு வளர்ப்புத் தேக்கையும் மற்ற மரக்கன்றுகளையும் வாங்குகிறார்கள். வாழையில் வைத்த நம்பிக்கையை மரத்தின் மேலும் அப்படியே வைக்க முடியாது என்பதே என் கருத்து. வாழை ஓராண்டில் தார் தள்ளிவிடும். ஆய்வகத்தில் தவறு நேர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும், அடுத்த நடவில் திருத்திக்கொள்ளலாம். மரத்திலோ தவறு வெளியே தெரிவதற்குள் நிலமும் உழைப்பும் பல ஆண்டுகளும் போயிருக்கும். மலேசியத் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறைகளாக உழைத்து வளர்த்த செம்பனை என்னும் எண்ணெய்ப் பனையே இதற்குச் சாட்சி.

செம்பனைக்கும் தென்னையைப் போல ஒரே குருத்துதான். பக்கக் கன்று விடாது. பதியம் போடவோ ஒட்டுக் கட்டவோ வழியில்லை. விதை போட்டால் ஒரே குலையின் பிள்ளைகளிலேயே ஒன்று அள்ளிக் காய்க்கும், இன்னொன்று பேருக்குக் காய்க்கும். அதனால் நன்றாகக் காய்க்கும் மரத்தையே நகலெடுக்க ஆய்வாளர்கள் முனைந்தார்கள். குருத்துக்குள் விரியாமல் இருக்கும் வெளிர் ஓலையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சர்க்கரையும் தாது உப்புகளும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த கூழின் மேல் வைக்கிறார்கள். மாதங்கள் கழித்துத் துண்டின் ஓரத்தில் முண்டு முண்டாகத் திசு கிளம்பும். அதிலிருந்து விதைக்குள் இருப்பது போன்ற கருக்கள் உருவாகி, முளைவிட்டு, வேர்பிடித்து நாற்றங்காலுக்கு வரும்.

1970களின் பிற்பகுதியிலேயே இப்படி வந்த கன்றுகள் மலேசிய மண்ணில் நடப்பட்டன. கன்றாக இருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. பூத்த பிறகுதான் பல மரங்களில் கோளாறு வெளிப்பட்டது. பெண் பூவில் வளராமல் நின்றுவிட வேண்டிய கேசரங்கள் சூலகம்போலத் தடித்து, காயைச் சுற்றிக் கூடுதல் சதை மடல்களாக வளர்ந்தன. கோளாறு முற்றிய மரங்களில் காய் நிற்கவே இல்லை. 1986இல் இது ஆய்விதழில் பதிவானது. காரணம் தெரிய 2015 ஆயிற்று. கர்மா என்று பெயரிடப்பட்ட, இடம் மாறும் இயல்புள்ள மரபுத் துண்டு ஒன்று, பூவை அமைக்கும் மரபணுவுக்குள் இருக்கிறது. அதன்மேல் மீத்தைல் என்னும் வேதிக் குறிகள் இருக்கும்வரை பூ சரியாக அமைகிறது. திசு குடுவையில் வளரும் காலத்தில் அக்குறிகள் நீங்கிவிட்ட மரத்தில் பூ கெடுகிறது. மரபணுவின் எழுத்து எதுவும் மாறவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டு “கன்று தாயைப் போலவே இருக்கிறது” என்று தரும் சான்றிதழ் இந்தக் கோளாற்றைப் பிடிக்காது.

காரணம் தெரிந்துவிட்டதால் இலையைச் சோதித்து நாற்றங்காலிலேயே கெட்ட கன்றுகளைக் கழிக்கலாமே என்று கேட்கலாம். கழிக்கலாம், ஆனால் அது செம்பனையின் ஒரு கோளாற்றுக்கு மட்டும் கிடைத்த சோதனை, அதுவும் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு. தேக்கில் முண்டுத் திசு இல்லாமல் மொட்டிலிருந்தே துளிர்களைப் பெருக்கலாம்; புனே தேசிய ரசாயன ஆய்வகத்தினர் 1980லேயே நூறு வயது மரத்திலிருந்து இதைச் செய்து காட்டினார்கள். இந்த வழியில் ஆபத்து குறைவு, உண்மைதான். ஆனாலும் வைரம் பாய்ந்த மரம் கிடைக்குமா என்பதைத் துளிர் சொல்லாது. அதற்காக இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்பதில்லை. நல்ல தென்னையை நகலெடுக்க இதைவிட்டால் வேறு வழி கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நட்டு, காய்ப்பைப் பார்த்த பிறகு பெருக்குங்கள் என்பதே வேண்டுகோள். ஒரே தாயின் நகலால் தோட்டத்தை நிரப்பாமல் பல தாய்களின் கன்றுகளைக் கலந்து நட்டால், ஒரு நோய் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக அழிக்கும் அபாயமும் குறையும்.

கன்று வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தாய்மரம் எங்கே நிற்கிறது? மொட்டிலிருந்து பெருக்கியதா, முண்டுத் திசுவிலிருந்தா? இதே தாய்மரத்தின் கன்றுகள் வளர்ந்து பலன் தந்த தோட்டத்தைக் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.