வீட்டில் பயிலும் பிள்ளையும் அரசின் பதிவேடும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் நமது சபைகளிலும் ஆங்காங்கே காணப்படுகின்றனர். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலரே; ஆயினும் அவர்கள் ஆயரிடம் கொண்டுவரும் கேள்விகள் எளியவை அல்ல. இது சட்டப்படி சரிதானா? கல்வி அலுவலர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? சபையிலிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா? இவ்வாறு வினவுவோருக்கு உபாகமம் ஆறாம் அதிகாரத்தைச் சுட்டிக்காட்டி ஜெபித்து அனுப்பிவிடுவது போதாது. கர்த்தருடைய கற்பனைகளைப் பிள்ளைகளுக்குப் போதிப்பது பெற்றோரின் கடமை என்று அவ்வதிகாரம் கூறுகிறது. கணக்கையும் அறிவியலையும் எங்கே கற்பிப்பது என்பதை அது பேசவில்லை. ஆகவே தருமபுரி மாவட்டத்தின் நிலைமையை முன்வைத்து இக்காரியத்தைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது, பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாடநூலும் கால அட்டவணையும் தேர்வும் பள்ளியில் உள்ளவாறே இருக்க, இடம் மாத்திரம் வீடாக மாறுவது ஒருவகை. இதனையே பொதுவாக வீட்டுவழிக் கல்வி என்கிறோம். பாடத்திட்டத்தையே விலக்கி, பிள்ளையின் ஆர்வம் செல்லும் வழியே கற்றலைச் செல்லவிடுவது வேறொரு வகை. இவான் இல்லிச் என்னும் கத்தோலிக்கச் சிந்தனையாளர் 1971-இல் வெளியிட்ட நூலில் பள்ளி என்னும் நிறுவனத்தையே கேள்விக்குட்படுத்தினார். அவரால் தூண்டப்பெற்ற அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1977-இல் ஒரு பத்திரிகையைத் தொடங்கி, இவ்விரண்டாம் வகையைப் பரப்பினார். ‘பள்ளிசாராக் கற்றல்’ என்று இதனைத் தமிழில் கூறலாம். மூன்றாவதும் ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், பல்வகை ஊனமும் கடுமையான ஊனமும் உடைய பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் வழியைத் தெரிந்துகொள்ளலாம் என்கிறது. அச்சட்டம் ‘வீட்டுவழி’ என்று பெயர் சொல்லி ஏற்பது இந்த ஒன்றையே. இதை அறியாமல், ‘சட்டத்திலேயே இடம் இருக்கிறதே’ என்று முதலிரு வகையினரும் வாதிடுவது பிழையாகும்.

சட்டம் கூறுவது யாது? 2002-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியை அனுமதிக்கும் சொல்லும் அதில் இல்லை; தடைசெய்யும் சொல்லும் இல்லை. டெல்லி உயர்நீதிமன்றத்தில் வீட்டில் பயின்ற ஒரு பிள்ளையின் சார்பில் வழக்கு வந்தபோது, மத்திய அமைச்சகம் 2012-இல் அத்தகைய பெற்றோருக்குச் சட்டம் குறுக்கே நிற்காது என்று முதலில் கூறிப் பின்னர் அந்நிலையினின்று விலகிக்கொண்டது. அரசே தடுமாறும் இடத்தில் ஆயர் உறுதிமொழி அளிப்பது விவேகமன்று.

அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருக்கவும், அவர்கள் பள்ளியில் சேர்ந்து ஒழுங்காக வருவதைக் கண்காணிக்கவும் உள்ளாட்சி அமைப்பைக் கட்டாயப்படுத்துகிறது. நமது மாநிலத்தில் ஆசிரியர்கள் வீடுவீடாகச் சென்று ‘பள்ளி செல்லாக் குழந்தைகள்’ பட்டியலை எடுக்கின்றனர். அப்பட்டியலில் நகரத்து மாடிவீட்டில் தாயிடம் இலக்கணம் பயிலும் பிள்ளையும், சித்தேரி மலையில் ஆடு மேய்க்கும் பிள்ளையும், மிளகு பறிக்கக் கேரளத்துக்கும் குடகுக்கும் போகும் பெற்றோருடன் சென்றுவிட்ட பிள்ளையும் ஒரே பத்தியில் நிற்பார்கள். முதல் வீட்டார் இதனை அவமதிப்பாக எண்ணுவதுண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. அப்பட்டியல் மற்ற இருவருக்காகவே எடுக்கப்படுகிறது. அவர்களைத் தேடி வேறொருவரும் வரப்போவதில்லை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவ இடமளிக்கிறது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? ‘வீட்டில் கற்கிறான்’ என்ற ஒரு சொல் அந்நேரத்தையே அழித்துவிடுகிறது. பெண்பிள்ளைகளின் காரியம் இதனினும் கடினமானது. பெரியவளானபின் பள்ளியை நிறுத்தி, 18 வயதுக்கு முன்னே மணமுடித்து வைக்கும் வழக்கம் இம்மாவட்டத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை. அத்தகைய வீட்டாருக்கும் அதே சொல் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் வீட்டுக் கல்வி என்னும் சொல்லுக்குப் பழைய வடு ஒன்றும் உண்டு. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்றது. குலக்கல்வி என்று அது எதிர்க்கப்பட்டது. 1954-இல் காமராசர் அதனைக் கைவிட்டார். இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பின்னாளில் 1965 முதல் 2004 வரை தருமபுரி மாவட்டத்திலேயே இருந்தது. இப்போது அது கிருஷ்ணகிரி மாவட்டம். வீடு எல்லாருக்கும் ஒரே பள்ளிக்கூடம் அன்று. ஒரு வீட்டில் நூலகம் இருக்கும். மற்றொன்றில் மண்வெட்டி மாத்திரமே இருக்கும். நமது சபையாரில் பெரும்பாலோர் இரண்டாம் வீட்டிலிருந்து பள்ளியின் வழியாகவே வெளியே வந்தவர்கள்.

பள்ளி மாத்திரமே கல்வி என்று நாம் கூறவில்லை. கல்ராயன், சித்தேரி மலைகளுக்கிடையே உள்ள சிட்லிங்கியில், கட்டடக் கலைஞரான ஒரு தம்பதியர் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ‘துளிர்’ என்னும் கற்றல் மையத்தை நிறுவினர். பள்ளியை விட்டு நின்ற மலைவாழ் இளைஞர் அங்கே கைத்தொழிலோடு கணக்கும் மொழியும் பயின்றனர். பள்ளி செல்லும் பிள்ளைகளும் மாலையில் வந்தனர். பள்ளி தவறவிட்டவர்களை ஏற்றுக்கொண்டதே அதன் சிறப்பு. பள்ளியினின்று எவரையும் அது இழுத்துக்கொள்ளவில்லை.

அந்நிய தேசங்களிலும் இக்கேள்விக்கு ஒரே விடையில்லை. இங்கிலாந்தின் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியிலோ வேறு விதமாகவோ கல்வி தரலாம் என்று வழிவிட்டது. ஜெர்மனியில் பள்ளிக்கு வருவதே கட்டாயம். அதனை விசுவாசத்தின் காரணமாக எதிர்த்த கிறிஸ்தவப் பெற்றோரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-இல் ஏற்க மறுத்தது.

நமது ஆயர்கள் கவனிக்க வேண்டியவை சில உள. நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து, ஆலய மண்டபத்தில் பகல்தோறும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் நடத்தத் தொடங்கினால், அது வீட்டுக்கல்வி என்னும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. 18-ஆம் பிரிவின்படி அங்கீகாரம் பெறாத பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம். ஞாயிறு பள்ளிக்கு இத்தொல்லை இல்லை. முதன்மையாகச் சமயபோதனை செய்யும் நிறுவனங்களை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கியுள்ளது.

வீட்டில் கற்பிப்பதென்று தீர்மானித்துவிட்ட பெற்றோர் வட்டாரக் கல்வி அலுவலரைத் தாமே சென்று காண்பது நலம். ஒளிந்திருப்பதால் ஐயமே வளரும். பிள்ளையின் எழுத்தேடுகளைத் தேதியிட்டுச் சேர்த்து வைக்கட்டும். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும், 14 வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வும் அவர்களுக்குத் திறந்திருக்கின்றன.

கடிதம் கேட்டால் ஆயர் என்செய்வது? பிள்ளையை நேரில் கண்டு, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தாம் கண்டதை மாத்திரம் எழுதலாம். காணாத பிள்ளைக்கு எழுதலாகாது. வயதையும் பெற்றோர் சொற்படி குறிக்காமல், திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து பார்த்தே குறிக்க வேண்டும்.