உங்களுக்குத் தெரியுமா? பென்னாகரத்தில் இருந்தே ஆய்விதழ் படிக்கலாம்!

● தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை தெரிவது அதனால்தான். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு முக்கியக் காரணமும் அதுவே. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பல, கட்டண ஆய்விதழ்களில் இருக்கின்றன. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் படிக்க நம்மிடமே 30, 40 டாலர் கேட்பார்கள். கல்லூரி நூலகம் சந்தா கட்டியிருந்தால் மாணவருக்குச் செலவில்லை.

● ஆய்விதழ்த் தளம் பெரும்பாலும் உங்கள் பெயரைக் கேட்பதில்லை. எந்த ஐபி முகவரியில் இருந்து வருகிறீர்கள் என்றுதான் பார்க்கும். கல்லூரி வைஃபையில் திறக்கும் கட்டுரை, அதே லேப்டாப்பில் மொரப்பூர் வீட்டில் திறக்காமல் போவது இதனால்தான்.

● இதற்கு வழி கண்டவர் ஒரு நூலகர்! அமெரிக்காவின் அரிசோனாவில் கம்யூனிட்டி கல்லூரி ஒன்றில் பணியாற்றிய கிறிஸ் ஸாகர், 1999-ல் ஈஸிப்ராக்ஸி என்ற மென்பொருளை எழுதினார். 2008-ல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு அதை வாங்கியது.

● ஈஸிப்ராக்ஸி செய்யும் வேலை இதுதான்: வீட்டில் இருந்து நீங்கள் பாஸ்வேர்டு போட்டதும், நூலகத்தின் சர்வர் உங்கள் சார்பில் போய்க் கட்டுரையை வாங்கி வந்து தரும். பதிப்பகத்துக்குத் தெரிவது நூலகத்தின் முகவரி மட்டுமே. பிரவுசரின் மேல்பட்டையைக் கவனித்தால், ஆய்விதழின் முகவரியோடு நூலக சர்வரின் பெயரும் ஒட்டியிருக்கும்.

● இந்தியாவில் இன்னொரு வழியும் உண்டு: காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் ‘இன்ஃபெட்’. பட்டியலில் உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய லாகின் பக்கம் வரும். பதிப்பகத்துக்குப் பாஸ்வேர்டு போகாது. ‘இவர் எங்கள் ஆள்தான்’ என்ற உறுதி மட்டும் போகும். பின்னணியில் இயங்குவது ஷிபோலெத் என்ற இலவச மென்பொருள்.

● பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்த ஆய்விதழ்களைக் கல்லூரிகளுக்கும் கொண்டுவந்தது 2010-ல் தொடங்கிய என்-லிஸ்ட் திட்டம். இதற்கான யூசர் ஐடியைக் கல்லூரி வழியாகவே பெற வேண்டும். கேட்க வேண்டிய ஆள் உங்கள் லைப்ரேரியன்.

● ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ல் ஒப்புதல் தந்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300-க்கு மேல் இதில் அடக்கம்.

● மா, தக்காளி, கேழ்வரகு பற்றித் தேடும் வேளாண் மாணவர்களுக்குத் தனி வாசல், ‘செரா’. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதை 2007-ல் தொடங்கியது. தேடிய கட்டுரை சந்தாவில் இல்லையா? கோரிக்கை வைத்தால், அந்த இதழ் உள்ள வேறொரு நூலகம் பிரதி அனுப்பும்.

● ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் டவுன்லோடு செய்யாதீர்கள். பதிப்பகம் சந்தேகப்பட்டால் உங்களை மட்டுமல்ல, மொத்தக் கல்லூரியையும் தடுத்து நிறுத்திவிடும். நூலகர் எழுதிக் கேட்ட பிறகுதான் மறுபடி திறக்கும்.

● படிப்பு முடிந்து டிசி வாங்கியதும் பொதுவாகக் கல்லூரி தந்த ஐடி செல்லாது. ஆனால் ‘ஷோத்கங்கா’வுக்கு ஐடியே வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசம். தர்மபுரிக் கல்லூரிகள் இணைந்துள்ள சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அதில் உண்டு. அரூரோ பாலக்கோடோ, செல்போன் இருந்தால் இன்றே தேடிப் பார்க்கலாம்.